நம்பிக்கைக்கும் வேலி வேண்டும்

'வேலியே பயிரை மேய்ந்தது போல' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. காக்க வேண்டியவரே கேடு செய்யும் கொடுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. காவலுக்கும் ஒரு காவல் வேண்டும் என்னும் எண்ணம் இப்பழமொழியின் உள்ளே அடங்கியிருக்கிறது. ஆயினும், புனிதமானவை என்று நாம் போற்றும் இடங்களில் இவ்வெண்ணத்தை மறந்துவிடுவது மாந்தர் இயல்பாக இருந்து வந்துள்ளது. இறைவன் பெயரைச் சொல்லி வருபவரை ஐயுறுவது பாவம் என்று கருதினோம். அந்த நம்பிக்கையின் நிழலிலேயே சில வேளைகளில் தீமை வளர்ந்தது. கிறித்துவ சமூகங்களில் சிறாரையும் நலிந்தோரையும் காக்கும் ஏற்பாடு எவ்வாறு தோன்றியது, எங்கே தவறியது, பின்னர் எவ்வாறு சட்டமாக உருப்பெற்றது என்பதை, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழரின் வரலாற்றோடு இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரவாங்கும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

கோலாலம்பூருக்கு வடக்கே அமைந்துள்ள ரவாங், ஈயத்தால் வளர்ந்த ஊர். 1892ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து இரயில் பாதை இவ்வூரை எட்டியது. லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக மின் இயந்திரம் நிறுவியதால், 1894ஆம் ஆண்டிலேயே மின்னொளி கண்ட ஊர் என்னும் பெருமையும் ரவாங்குக்கு உண்டு. ஈயத்தைத் தொடர்ந்து இரப்பர் வந்தது. இரப்பரோடு தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். அவர்கள் சென்ற இடமெல்லாம் மாரியம்மன் கோயில் எழுந்தது போலவே, கிறித்துவராக வந்தவர்களிடையே செபக்கூடங்களும் ஆலயங்களும் எழுந்தன. ரவாங்கில் புனித யூதா ததேயு ஆலயமும், கிள்ளானில் 1928ஆம் ஆண்டில் கட்டப்பட்ட லூர்து அன்னை ஆலயமும், பிரிக்பீல்ட்சில் தமிழ் லூத்தரன் மக்கள் 1924ஆம் ஆண்டில் எழுப்பிய சீயோன் ஆலயமும், கோலாலம்பூரில் தமிழ்க் கத்தோலிக்கரின் புனித அந்தோனியார் ஆலயமும் அம்மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவனுக்கு ஆலயம் வழிபாட்டு இடமாக மட்டும் இருக்கவில்லை. கடிதம் எழுதித் தருபவர் அங்கே இருந்தார். பிள்ளைக்கு எழுத்தறிவிப்பவர் அங்கே இருந்தார். நோயுற்றால் மருந்துக்கு வழி சொல்பவரும் அங்கேயே இருந்தார். ஆகவே, ஆலயத்தைச் சேர்ந்தவர் என்றால் நல்லவர் என்னும் எண்ணம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது. அந்த எண்ணம் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

அடைக்கலம் தந்த மரபு

தமிழ் மண்ணில் சீர்திருத்தக் கிறித்துவப் பணியின் தொடக்கமே பிள்ளைகளோடு தொடங்கிற்று எனலாம். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, அடுத்த ஆண்டுகளிலேயே பள்ளிகளை அமைத்தார். பெண்பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்ற கருத்து அங்கே செயல்வடிவம் பெற்றது. மலாயாவிலும் இதே மரபு தொடர்ந்தது. குழந்தை இயேசு கன்னியர் 1852ஆம் ஆண்டில் பினாங்குக்கு வந்தனர். பள்ளி ஒரு பக்கமும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் மறுபக்கமுமாக அவர்களுடைய பணி வளர்ந்தது. 1899ஆம் ஆண்டில் கோலாலம்பூர் புக்கிட் நானாசில் அவர்களுடைய கன்னிமடப் பள்ளி தோன்றியது. மெத்தடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897ஆம் ஆண்டிலும், செயிண்ட் ஜான் பள்ளி 1904ஆம் ஆண்டிலும் எழுந்தன.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. ஆயினும் அப்பள்ளிகள் பலவும் பெயரளவிலேயே இருந்தன. அக்குறையை நிறைவு செய்வதில் ஆலயங்களுக்குப் பங்கு உண்டு. எனவே, கிறித்துவ சமூகத்தில் பிள்ளைகளின் வரலாறு என்பது முதலில் நன்றிக்குரிய வரலாறு. இதனை மறந்து குறைகளை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது.

டோனாவூர் காட்டிய வழி

பிள்ளைகளைக் காப்பதென்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டில் செய்து காட்டியவர்களுள் எமி கார்மைக்கேல் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். அயர்லாந்தில் 1867ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1895ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். தமிழைக் கற்றார். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் தங்கினார். 1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அந்த ஒரு பிள்ளையிலிருந்து டோனாவூர் இல்லம் வளர்ந்தது. 1918ஆம் ஆண்டு முதல் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர்.

அவ்வில்லத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் 'அக்கா' என்று அழைக்கப்பட்ட பெண்கள். ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒருவர் தாயாக இருந்தார். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் வெவ்வேறு வளாகங்கள் இருந்தன. பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்விக்கு எப்போதும் ஒரு விடை இருந்தது. 1931ஆம் ஆண்டில் விபத்தொன்றில் கால் ஒடிந்து, 1951ஆம் ஆண்டில் மறையும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அம்மையார் படுக்கையிலேயே கழித்தார். அக்காலத்திலும் இல்லம் குலையாமல் நடந்தது. ஒருவரின் நற்குணத்தை மட்டும் நம்பிய காவல் அவரோடு முடிந்துவிடும்; பலர் பகிர்ந்துகொண்ட ஒழுங்காக அமைந்த காவலோ அவருக்குப் பின்னும் நிலைக்கும்.

மற்றொரு பாடமும் இங்கே உண்டு. ஓர் இல்லம் எத்தனை பிள்ளைகளைத்தான் காப்பாற்ற இயலும்? பொட்டுக்கட்டும் வழக்கத்தையே ஒழிக்கச் சட்டம் தேவைப்பட்டது. சென்னைச் சட்டமன்றத்தில் அதற்காகக் குரலெழுப்பியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நெடிய போராட்டத்திற்குப் பின் 1947ஆம் ஆண்டில் அச்சட்டம் நிறைவேறியது. அருளுள்ளம் தொடங்கி வைத்ததைச் சட்டமே நிறைவு செய்தது.

நம்பிக்கை முறிந்த கதை

இனி, கோலாலம்பூருக்கே திரும்புவோம். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை இழந்த தமிழ்க் குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பின்னர் மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. தோட்டத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். பத்தாவது மாடியில் அந்தப் பாட்டி இல்லை. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்ற பின், பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒருவர் முன்வந்தால், அதுவும் ஆலயத்தின் வழியே வந்தால், எந்தப் பெற்றோர்தாம் மகிழமாட்டார்!

இத்தகைய சூழலில்தான் ரிச்சர்ட் ஹக்கல் என்னும் ஆங்கிலேயன் கோலாலம்பூரில் காலடி வைத்தான். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஆஷ்போர்டைச் சேர்ந்த அவன், பதின்ம வயது முடியும் நிலையில் முதலில் வந்தவன். பத்தியுள்ள கிறித்துவன் என்றும், தொண்டன் என்றும், ஆங்கில ஆசிரியன் என்றும், புகைப்படக் கலைஞன் என்றும் தன்னைக் காட்டிக்கொண்டு ஏழைக் குடும்பங்களோடு பழகினான். பெற்றோரின் நன்மதிப்பைப் பெற்றான். அந்த நன்மதிப்பே அவனுக்கு ஆயுதமாயிற்று. 2006 முதல் 2014 வரை, ஆறு மாதக் கைக்குழந்தை முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அவன் பாலியல் கொடுமை இழைத்தான். ஆத்திரேலியாவின் குவீன்சுலாந்து காவல் துறையினர் இணையத்தின் மறைவுத் தளமொன்றை ஊடுருவியபோது அவனைப் பற்றிய துப்புக் கிடைத்தது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமசுக்காக இங்கிலாந்து திரும்பிய அவன் விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டான். இருபத்து மூன்று பிள்ளைகள் தொடர்பான 71 குற்றங்களை அவன் ஒப்புக்கொண்டான். 2016ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், இலண்டன் மத்திய குற்றவியல் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனைகளை விதித்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் அவன் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டான்.

இவ்வழக்கில் நம் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைக் காட்டிலும் ஏழைப் பிள்ளைகளை வசப்படுத்துவது எளிது என்று அவனே எழுதி வைத்திருந்தான். தன்னைப் போன்றோருக்கென ஒரு கையேடும் தயாரித்து வந்தான். பிள்ளைகளை வளர்க்கும் இல்லம் ஒன்று நடத்தும் எண்ணமும் அவனுக்கு இருந்தது. ஆக, அவன் தேடி வந்தது வறுமையை. அதற்கு வழியாகக் கொண்டது இறைப்பற்றை. துணைக்கு அழைத்துக்கொண்டது வெள்ளைத்தோலின் மீதும் ஆங்கிலத்தின் மீதும் நமக்கிருந்த வியப்பை. அடிமைக் காலம் நீங்கி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவ்வியப்பு நீங்காதிருந்தது என்பது நாம் வெட்கத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியன்றோ?

குற்றம் முழுவதும் அவனுடையதே, நம்பிய பெற்றோருடையதன்று. ஆயினும் அவனிடம் கேட்கப்படாத கேள்விகள் சில உள்ளன. நீ யார் அனுப்பி வந்தாய்? உன்னைப் பற்றிச் சான்று தருபவர் யார்? பிள்ளைகளோடு தனித்திருக்க உனக்கு யார் அனுமதி தந்தார்? இவற்றைக் கேட்பது எவருடைய கடமை என்பது அன்று வரையறுக்கப்படவில்லை.

உலகம் கற்ற பாடம்

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த இழுக்கன்று. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், குற்றம் புரிந்த குருக்கள் ஊர்விட்டு ஊர் மாற்றப்பட்டு மறைக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. 2009ஆம் ஆண்டில் அயர்லாந்தின் விசாரணை ஆணையம், துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் நிகழ்ந்த கொடுமைகளைப் பதிவு செய்தது. 2013 முதல் 2017 வரை ஆத்திரேலிய அரச ஆணையம் சமய நிறுவனங்கள் உள்ளிட்ட பல நிறுவனங்களையும் ஆராய்ந்தது. இங்கிலாந்தில் கிறித்துவ இளைஞர் முகாம்களை நடத்திய ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர் குருவானவர் அல்லர். அவருடைய கொடுமை உள்வட்டத்தில் தெரிந்த பிறகும் காவல் துறைக்குச் சொல்லப்படவில்லை. 1984ஆம் ஆண்டில் அவர் சிம்பாப்வேக்குச் சென்று அங்கும் முகாம்கள் நடத்தினார். 2024ஆம் ஆண்டு நவம்பரில் இதுபற்றிய ஆய்வறிக்கை வெளிவந்ததை அடுத்து, கேண்டர்பரிப் பேராயரே பதவி விலகுவதாக அறிவித்தார்.

இவற்றுள் ஒரே நூல் ஓடுவதைக் காணலாம். தீங்கிழைத்தவர் சிலர்; தெரிந்தும் வாய்மூடி இருந்தவர் பலர். 'சபையின் பெயர் கெட்டுவிடும்' என்ற அச்சமே அவர்கள் வாயைக் கட்டியது. பெயரைக் காத்தார்கள், பிள்ளையைக் கைவிட்டார்கள். முடிவில் இரண்டையும் இழந்தார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை 2011ஆம் ஆண்டில் எல்லா நாட்டு ஆயர் பேரவைகளும் இதற்கான நெறிமுறைகளை வகுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 2019ஆம் ஆண்டில் போப் பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், குருக்களும் துறவியரும் தாம் அறிந்த குற்றத்தைத் திருச்சபை அதிகாரிகளிடம் அறிவித்தே தீர வேண்டும் என்று விதித்தது. 2023ஆம் ஆண்டில் அது நிலையான சட்டமாக்கப்பட்டு, பொதுநிலையினர் அமைப்புகளின் தலைவர்கள் சிலருக்கும் விரிவாக்கப்பட்டது.

நம் நாட்டுச் சட்டங்கள்

மலேசியாவிலும் ஒவ்வொரு சட்டத்தின் பின்னும் ஒரு பிள்ளையின் துயரம் இருக்கிறது. கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் 1985ஆம் ஆண்டிலேயே, கொடுமைக்கு ஆளான பிள்ளைகளைக் கண்டறியும் மருத்துவக் குழு அமைந்தது. 1990ஆம் ஆண்டில் நம் இனத்தைச் சேர்ந்த, இரண்டு வயதைச் சற்றே கடந்த குழந்தை ஒன்று அடிபட்டு மாண்டது நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டில் சிறார் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டில் மலேசியா, ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமை உடன்படிக்கையில் இணைந்தது. பின்னர் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் முந்தைய சட்டங்களை ஒன்றிணைத்தது. மருத்துவரும் குடும்பத்தினரும் பிள்ளை பராமரிப்போரும் கொடுமையை அறிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளைகள் குற்றவாளியை நேருக்கு நேர் காணாமல் சாட்சி சொல்ல வழி செய்தது.

ஹக்கல் வழக்கின் செய்தி 2016ஆம் ஆண்டு ஜூனில் வெளியானபோது மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டிலேயே சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஜூலை 10ஆம் நாள் நடப்புக்கு வந்தது. புத்ராஜெயாவில் இதற்கெனத் தனி நீதிமன்றமும் தோன்றியது. பிள்ளையைத் தீய நோக்கத்தோடு பழக்கி வசப்படுத்துவதே குற்றம் என்று இச்சட்டம் முதன்முறையாக வரையறுத்தது. பிள்ளையைத் தம் பொறுப்பிலோ அதிகாரத்திலோ வைத்திருப்பவர் குற்றம் புரிந்தால் கூடுதல் தண்டனை உண்டு. வேறு சான்று இல்லாவிடினும், பிள்ளையின் சாட்சியத்தைக் கொண்டே தண்டிக்க வழியும் உண்டு. இவற்றினும் முதன்மையானது, குற்றம் நடந்ததை அறிந்தும் அறிவிக்காத எவருக்கும் ஐயாயிரம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம் என்பதாகும். முன்பு சிலருக்கே உரியதாயிருந்த கடமை இதனால் எல்லாருக்கும் உரியதாயிற்று.

2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால், சிறாருக்குத் தீங்கிழைத்துத் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டு முதல் சமூகநல இலாகாவின் வழியாக ஒருவர் பெயரை அதில் சரிபார்க்க இயலும். ஆயினும் ஓர் உண்மையைக் கருத வேண்டும். இப்பதிவேடு 2006ஆம் ஆண்டில் இருந்திருந்தாலும் ஹக்கலின் பெயர் அதில் இருந்திராது. அதற்கு முன் அவன் தண்டிக்கப்பட்டவன் அல்லன். ஆதலால், பதிவேடு பாதி வேலிதான். மறுபாதி அன்றாட ஒழுங்கில் இருக்கிறது: பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர் இருவரேனும் இருத்தல், கதவு திறந்திருத்தல், தனியே எவரும் பிள்ளையை வீட்டுக்கோ வெளியூருக்கோ அழைத்துச் செல்லாதிருத்தல், ஐயம் தோன்றினால் யாரிடம் சொல்வது என்பதை ஆலய வாசலிலேயே எழுதி வைத்தல். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. உறுதி ஒன்றே தேவை.

நலிந்த பெரியோர்

காவல் வேண்டுவோர் பிள்ளைகள் மட்டுமல்லர். முதுமையால் நினைவு மங்கியோர், உடற்குறையும் மனக்குறையும் உடையோர், நோயால் பிறரைச் சார்ந்து வாழ்வோர் ஆகியோரும் அவ்வகையினரே. எதிர்க்கவோ, புரிந்துகொள்ளவோ இயலாத நிலையில் இருப்பவர் என்று திருச்சபைச் சட்டம் இவர்களைக் குறிக்கிறது. தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்து, பிள்ளைகளும் இல்லாது, சமய அன்பர்களின் இல்லங்களில் இறுதி நாளைக் கழிக்கும் முதியோர் நம்மிடையே உள்ளனர். அத்தகைய இல்லங்கள் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். பதிவு என்பது தொண்டு செய்வோர்க்கு இடப்படும் தடையன்று. உள்ளே நடப்பதை வெளியார் ஒருவர் வந்து பார்க்கும் வாயில் அது. நல்ல இல்லம் அவ்வாயிலைத் திறந்தே வைத்திருக்கும்.

ஆசிரியர் கடமை

'பெரியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே' என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். பணிவு நற்பண்புதான். ஆனால், பணிவு என்ற பெயரில் பிள்ளையின் நாவைப் பூட்டிவிட்டால், அப்பூட்டின் திறவுகோல் தீயவன் கைக்குப் போய்ச் சேரும். 'வேண்டாம்' என்று சொல்லவும், நடந்ததை வந்து சொல்லவும் பிள்ளைக்குக் கற்பிப்பது தமிழ்ப் பண்புக்கு மாறானதன்று. அதற்குரிய சொற்களைத் தாய்மொழியில் தருவது தமிழாசிரியரின் பணி. தன் உடலின் உறுப்புகளுக்குத் தன் மொழியில் நாணமின்றிப் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளை, தனக்கு நேர்ந்ததை எவ்வாறு எடுத்துரைக்கும்?

கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென அடங்கிப் போவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியரே. அப்பிள்ளை வாய் திறந்தால், 'பொய் சொல்லாதே' என்ற ஒரு சொல் போதும், அவ்வாய் என்றென்றும் மூடிக்கொள்ளும். பொறுமையாகக் கேட்டு, துருவித் துருவி வினவாமல், காவல் துறைக்கோ சமூகநல இலாகாவுக்கோ அறிவிப்பதே செய்ய வேண்டியது. 15999 என்னும் காசே தொலைபேசி எண் இதற்கெனவே இயங்குகிறது. உண்மை எது என்று தீர்ப்பது ஆசிரியர் வேலையன்று. ஐயத்தை உரியவரிடம் சேர்ப்பதே அவர் வேலை.

சீகன்பால்கு திறந்த பள்ளியும், டோனாவூரின் அக்காமார் காத்த தொட்டில்களும், புக்கிட் நானாசுக் கன்னியரின் பள்ளியும் கிறித்துவ சமூகம் பிள்ளைகளுக்கு ஈந்த கொடைகள். அக்கொடைகளின் பெயரால் பெற்ற நம்பிக்கையைத்தான் ஒருவன் 2006 முதல் 2014 வரை களவாடினான். அவன் கையில் சிக்கிய பிள்ளைகளுள் பலர் இன்று இளைஞராகி இதே பள்ளத்தாக்கில் வாழ்ந்து வரக்கூடும். அவர்களுடைய பெயரை நாம் அறிய வேண்டியதில்லை, அறியவும் கூடாது. ஆனால், அவர்களுக்குப் பின் வரும் பிள்ளைகள் ஆலயத்திற்கும், கோயிலுக்கும், பள்ளிக்கும் அச்சமின்றிச் செல்ல வேண்டும். அதற்காக வேலியை எழுப்புவதும், வேலியையே அவ்வப்போது சோதித்துப் பார்ப்பதும் நம் தலைமுறையின் நீங்காத கடன் ஆகும்.